பெரிய பாதையும் ஒரு கேன் மிளகாய் சாஸும்

என்னோடு ஒன்பதாவது 'பி' பிரிவில் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களே, பத்தாவது முடித்த நீங்கள் எல்லாம் சேர்ந்து நினைவு மலர் போடுகிறீர்கள். முடிக்காமல் போனவளையும் ஞாபகம் வைத்து எழுதச் சொன்னீர்கள், சந்தோஷம். நமக்கெல்லாம் முப்பத்தைந்து தட்டப் போகிறது. குரூப்பில் போட்ட போட்டோவில் பாதிப் பேர் முடிக்குச் சாயம் அடித்திருக்கிறீர்கள், மீதிப் பேர் மூட்டுவலித் தைலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் சாயமும் அடிப்பதில்லை, தைலமும் தேய்ப்பதில்லை. காலையில் என் ஷெட்டில் சாஸ் கொதிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்தால் வருகிற காரத்தில் எந்த வலியும் ஓடிப்போய்விடும்.

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து திட்டக்குடி வரைக்கும் ஃபாஸ்ட் புட் வண்டி போட்டிருக்கிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், தட்டோரம் வைக்கிற சிவப்பு சாஸ் யார் வீட்டுச் சரக்கு என்று. பண்ருட்டியில் ஒருவன் என் லேபிளைப் பார்த்து அப்படியே அடித்து விற்கிறான். காப்பி அடிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று விட்டுவிட்டேன். பரீட்சையில் என்னைப் பார்த்து எழுத எவளும் வந்ததில்லையே.

ஒன்பதாவது அரையாண்டுப் பரீட்சைக்கு நான் வரவில்லை. எனக்கு ஏதோ ரத்தப்போக்கு வியாதி என்று வகுப்பு டீச்சர் சொன்னாராம். உங்களில் ரெண்டு பேர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, மாலை போட்ட வீடு என்று வாசலோடு கொடுத்துவிட்டுத் திரும்பினீர்கள். பழத்தைத் தின்றேன். ஆனால் அந்த வியாதி எனக்கு இல்லை. இருபது வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். அப்பா வெல்டர், லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவர். குடித்துவிட்டு மேலே ஏறி விழுந்ததில் இடது கால் முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். அதோடு வேலை நின்றது. குடி நிற்கவில்லை. அந்தக் கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில், யார் சொல்லியும் கேட்காத மனிதர், தானாகப் போய்ச் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றார். கன்னிசாமி. கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. என் தம்பி மெதுவாகப் பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிட்டு ஓடிவந்து, "ஒண்ணும் வரலக்கா. விபூதி வாசனைதான் வருது" என்றான். அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது.

மறுநாள் குருசாமி வந்தார். பதினெட்டு வருஷம் மலைக்குப் போனவர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சட்டம் போட்டார்.

"கவிச்சி கூடாதுங்கறது உங்களுக்கே தெரியும் சாமி. பூண்டும் கூடாது. இந்த வூட்ல பூண்டு வாசனை வந்துதுன்னா மாலையைக் கழட்டிக் குடுத்துடச் சொல்லுங்க. அரகொறையா வெரதம் இருக்கறதுக்கு இல்லாமலே இருக்கலாம்."

அப்பா குழந்தை மாதிரித் தலையாட்டினார். எனக்கும் அம்மாவுக்கும் அது ஆகிற காரியமில்லை. ஏனென்றால் அப்போது எங்கள் வீட்டில் உலை கொதித்ததே பூண்டால்தான்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, சென்னையில் சைனீஸ் கடையில் காய் நறுக்கியே தொழில் கற்றுக்கொண்டு வந்து, சிதம்பரத்தில் காலேஜ் பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டல் பக்கம் ஃப்ரைடு ரைஸ் வண்டி போட்டிருந்தார். சாஸ் மட்டும் எங்கள் வீட்டில் செய்வது. காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, பாதிக்கு விதை எடுத்து, பூண்டோடு அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சர்க்கரையும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு, கார்ன்ஃப்ளவர் கரைத்து ஊற்றி, இறக்கிய பிறகு வினிகர். அது மிளகாய் சாஸ். பூண்டு சாஸ் தனி. பூண்டைப் பாதி வதக்கியும் பாதி பச்சையாகவும் அரைக்க வேண்டும். அந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கு நான் கண்டுபிடித்தது, மாமா அல்ல. அவர் இன்றைக்கும் தான்தான் என்பார். நம்பாதீர்கள்.

"நாப்பத்தெட்டு நாளைக்குக் கம்பெனி பாட்டில் வாங்கி ஓட்டிக்கடா" என்றாள் அம்மா.

"அக்கா, அந்தப் பசங்க சோத்துக்கா வர்றானுங்க? சாஸுக்கு வர்றானுங்க. கம்பெனி சாஸை ஊத்துனா எதுத்த வண்டிக்குப் போயிடுவானுங்க. ரெண்டு நாளு நான் நிக்கலன்னா அந்த எடத்துல வேற ஒருத்தன் நிப்பான். அப்புறம் நீயும் பசங்களும் என்னத்தைத் தின்னுவீங்க?"

அப்பா உள்ளே சரணம் சொல்லிக்கொண்டிருந்தார். மாலை கழுத்தில் இருக்க வேண்டும், சாஸும் சிதம்பரம் போக வேண்டும். ரெண்டில் எது போனாலும் நாங்கள் தெருவில்.

வழியை நான்தான் கண்டுபிடித்தேன். மாலை போட்ட வீட்டில் பெண்களுக்குத் தூரம் வந்தால் அந்த ஐந்து நாளும் வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். கிறிஸ்தவர், தனியாள், எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். அவர் வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஓர் அம்மி, நடுவில் குழிந்து தொட்டில் மாதிரி இருக்கும். முதல் வாரத்தில் எனக்கு நிஜமாகவே தூரம் வந்து அங்கே போனேன். மாமாவை அங்கேயே பூண்டு கொண்டுவரச் சொன்னேன். நடுவில் ஒரு மதில்தான். ஆனால் மழையும் சாக்கடையும் சேர்ந்து வீசிய வீச்சத்தில் பூண்டு வாசனை மதிலைத் தாண்டவில்லை. ஐந்து நாளில் ஆறு கேன் ரொப்பினேன். விரல் நுனியெல்லாம் தோல் வழன்று எரியும். நல்லெண்ணெயில் விரலை முக்கிக்கொண்டே தூங்குவேன்.

ஆறு கேன் பன்னிரண்டு நாள்தான் வந்தது. மாமா சிஸ்டர் வீட்டு போனுக்கு அடித்து, தீரப்போகிறது என்றார். நான் வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, எனக்குத் தூரம்."

அம்மா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பதினஞ்சு நாளுகூட ஆவலையேடி."

கூடத்தில் இருந்த அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்தச் சாமியைப் போவச் சொல்லு. நிக்க வெக்காத" என்றார்.

மாலை போட்டதிலிருந்து அவருக்கு எல்லோருமே சாமி. அதுவரை என்னை அவர் கூப்பிட்ட பெயரெல்லாம் மலரில் அச்சடிக்க முடியாதவை.

சிஸ்டர் டியூட்டி முடிந்து வந்தவர், கொட்டகையில் நான் அம்மியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார்.

"ஏண்டி, உனக்கு மாசத்துக்கு எத்தன மாசம்?"

"இல்ல சிஸ்டர், நெஜமாத்தான்…"

"யாருகிட்ட? இருவது வருசமா வார்டு பாக்கறவகிட்டயா? வாயில பொய், கையில பூண்டு. நல்லா இருக்குடி உன் வெரதம்." திட்டிவிட்டு உள்ளே போனவர், தன் ரப்பர் கையுறை ஒரு ஜோடியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "கையில மாட்டிக்க. விரலு என்னாத்துக்கு ஆவும்?"

அம்மா தினமும் மதில் ஓரமாக டிபன் கேரியரை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். மேல் தட்டில் உளுந்தங்களி, ரத்தம் ஊற. முதல் நாள், "அடித்தட்டையும் பாத்துத் தின்னு" என்றாள். அடித்தட்டில் சர்க்கரைப் பொட்டலமும் கல்லுப்பும் இருந்தன. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அம்மா உள்ளே போய்விட்டிருந்தாள். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு வரைக்கும்.

அந்த மழையில் கடையில் வினிகர் வரவில்லை. இருந்த கொஞ்சத்தை எல்லா கேனுக்கும் பங்குபோட்டேன். தப்பு. வினிகர் குறைந்த சாஸ் நுரைத்துக்கொண்டு, வயிற்றுக்குள் கோபத்தை வைத்துக்கொண்டு இருக்கும். இன்றைக்கு என்னிடம் வேலை செய்கிற பெண்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை.

மூன்றாம் நாள் மாமாவுக்குக் காய்ச்சல். "என்னால கடலூரு வர முடியாதும்மா. வண்டிக்கு ஆள் போட்டுட்டேன், ஒரு சொட்டு சாஸ் இல்ல. எப்படியாவது ஒரு கேனை அனுப்பு" என்று போனில் முனகினார். யாரிடம் அனுப்புவது? சிஸ்டர் டியூட்டிக்குப் போயிருந்தார். தூரம் என்று சொல்லி ஒதுங்கியிருக்கிறவள் தெருவில் நடமாடுவதைப் பார்த்தால் முடிந்தது. முக்காடு போட்டுக்கொண்டு, ஐந்து லிட்டர் கேனைக் கட்டைப்பையில் வைத்து, பின்சந்து வழியாகப் போய்ச் சிதம்பரம் பஸ் ஏறினேன். பால் கலர் பாவாடை கட்டியிருந்தேன். இருந்ததில் நல்ல பாவாடை அதுதான். மாமா பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்தது.

பஸ்ஸில் மீன்கூடைக்காரிகள், ஈரக் குடைகள். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கேனைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த ஸ்டாப்பில் குருசாமி ஏறினார்.

ஏறினவர் நேராக என் வரிசைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். சரணம், சரணம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என் கைக்குள் கேன் உப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. பிளாஸ்டிக் இறுகி, தவளை வயிறு மாதிரி ஆகிவிட்டது. மூடியைக் கொஞ்சம் திறந்து காற்றை விடலாம். திறந்தால் பூண்டு வாசனை. திறக்காவிட்டால்? உள்ளங்கையால் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வழியில் இருக்கிற ஆலப்பாக்கம் வர எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அது ஒரு வருஷம்.

ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியது. மூடி பறக்கவில்லை, அடிப்பக்கம் ஒட்டு விட்டது. வெதுவெதுப்பாக, சத்தமே இல்லாமல், என் மடியில் பரவியது. பால் கலர் பாவாடை முழங்கால் வரை சிவந்து, சொட்டுச் சொட்டாகப் பஸ் தரையில் விழுந்தது.

பக்கத்தில் இருந்த மீன்காரம்மா, "அய்யய்யோ, பொண்ணு!" என்று கத்திவிட்டாள்.

குருசாமி திரும்பினார். பாவாடையைப் பார்த்தார். முக்காடு விலகி முகத்தையும் பார்த்துவிட்டார். கேன் பைக்குள் இருந்தது, அவர் கண்ணுக்குப் படவில்லை. ஓரடி பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கன்னிசாமி பொண்ணுதான நீ? எங்கம்மா போற?"

என் வாயில் வந்தது ஒரே வார்த்தை. "ஆஸ்பத்திரிக்கு."

"தனியாவா? சாமியே…" அவர் மூக்கைச் சுளித்தார். "என்னமோ நாட்டு மருந்து குடுத்துருக்காங்க போல. வாடை அடிக்குது. யோவ் கண்டக்டரு, வண்டிய நிறுத்து!"

கொட்டுகிற மழையில் ஆலப்பாக்கத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதால் இறங்கினாரா, வீட்டுக்குச் சேதி சொல்லத் திரும்பினாரா என்று அப்போது தெரியவில்லை. ரெண்டும்தான். மீன்காரம்மா தன் முந்தானையால் என்னைப் போர்த்தினாள். போர்த்தும்போது விரலில் பட்டதை மோந்து பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சட்னியாடி?" என்று காதோடு கேட்டாள். நான் தலையாட்டினேன். அப்புறம் சிதம்பரம் வரைக்கும் அவள் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீதியிருந்த அரை கேனைத் தலைகீழாகப் பிடித்து மாமாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் அழுதேன்.

திரும்பி வந்து, தெருவில் யார் கண்ணிலும் படாமல் கொட்டகைக்குள் புகுந்துவிட்டேன். சாயங்காலம் சிஸ்டர் வீட்டு கேட்டுக்கு வெளியே யாரோ நிற்கிற சத்தம். அப்பா. உள்ளே வரக் கூடாது என்று மழையிலேயே நின்றார். நான் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், பூண்டு நாற்றம்.

"சாமி," என்றார் அப்பா, "குருசாமி எல்லாம் சொன்னாரு. பயப்படாதீங்க."

நான் கம்பியை விட்டு விலகி நின்றேன்.

"எருமேலியிலேருந்து பெரிய பாதையில நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டேன். மூணு வருசம். உங்களுக்கு அது நின்னுடும்."

பெரிய பாதை என்றால் காட்டு வழி, மலை ஏற்றம். செருப்பில்லாமல். கால் சரியில்லாத ஆளு, பஸ்ஸில் பம்பை வரை போனால் போதும் என்று குருசாமியே முதலில் சொல்லியிருந்தார். அப்பா எங்கள் தெருமுனை வரை போய்வந்தாலே காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்.

வாயைத் திறந்தேன். "அப்பா, அது வந்து…"

பின்னாலிருந்து சிஸ்டர் என் தோளை அழுத்தினார். "அவளுக்குக் களைப்பு ஜாஸ்தியா இருக்கு சாமி. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க." அவர் போனதும் என்னைத் திருப்பி நிறுத்தினார். "இப்ப சொன்னின்னா கழுத்துல கெடக்கறது கைக்கு வந்துடும். கைக்கு வந்துச்சுன்னா அந்தக் கை நேரா பாட்டிலத்தான் புடிக்கும். என்னா சொல்ற?"

"காலு, சிஸ்டர். அப்பா காலு."

"காலு போனா ஆஸ்பத்திரி இருக்குதுடி."

ரத்தம் நின்ற பிறகு வீட்டுக்கு வந்தால் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். மார்கழி முழுக்க நான் கொட்டகையில். பொய் சொல்லி ஐந்து நாள் கேட்டவளுக்கு நாற்பது நாள் கிடைத்தது. அந்த மாதம் மாமா வண்டியில் சாஸ் ஒரு நாள்கூடத் தீரவில்லை. எதிர் வண்டிக்காரன் இடத்தைக் காலி செய்தான். உங்கள் அரையாண்டுப் பரீட்சை அப்போதுதான் நடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் அப்பா விடியற்காலையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சரணம் சொல்வார். ஒவ்வொரு சரணத்துக்கும் நடுவில் என் பெயர் வரும். நான் கையுறையைக் கழற்றிவிட்டு அரைப்பேன். எரியட்டும் என்று.

தை பிறந்து இரண்டு நாளில் அப்பா வந்தார். ரெண்டு சாமிமார் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். இடது கால் பனங்கட்டை மாதிரி வீங்கி, பாதம் வெடித்திருந்தது. இருமுடியைக்கூட இறக்கவில்லை. அம்மாவைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்:

"நின்னுச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு வியாதி இல்லை என்று அந்த வீட்டில் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான்.

"நின்னுடுச்சு சாமி" என்றாள்.

அப்பா தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு அழுதார். மாலையைக் கழற்றியது அன்றைக்கு மத்தியானம். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே வெளியே கிளம்பினார். நாங்கள் யாரும் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் கோபம் வரும் என்று பழக்கம். மருந்துக்கடையும் சாராயக் கடையும் அந்த ஒரே திருப்பத்தில்தான். அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. தம்பி வாசலில் நின்று, "அக்கா, வர்றாரு. கையில பேப்பரு சுத்துன பாட்டிலு" என்றான். அம்மாவின் கை நின்றுவிட்டது.

அப்பா உள்ளே வந்தார். பாட்டிலை என் கையில் கொடுத்தார். பேப்பரைப் பிரித்தேன். பழுப்புக் கலரில், இரும்புச் சத்து டானிக்.

"ரெண்டு வேளை. சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார். "பள்ளிக்கூடம் இனிமே வாணாம். அவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சீன்னா மறுபடி வந்துடும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உலையைப் பார்த்தாள். அவள் சொல்லியிருக்கலாம். எனக்குப் பள்ளிக்கூடம், அவளுக்குப் புருஷன். ரெண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டி வந்துவிட்டது. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். என் மகள் ஒன்பதாவது போனபோதுதான், செய்திருக்க மாட்டேன் என்று தெரிந்தது.

அந்த டானிக்கைத் துருப்பிடித்த ஆணியை நக்குவது போல வருஷக்கணக்கில் குடித்தேன். மூன்று வருஷப் பெரிய பாதையும் முடிந்தது. அப்பா நிறுத்தவில்லை. நிறுத்தினால் எனக்கு மறுபடி வந்துவிடுமாம். ஒவ்வொரு மாலைக்கும் அடுத்த மாலைக்கும் நடுவில் அவர் குடிக்கவும் இல்லை. காலி டானிக் பாட்டில்களைக் கழுவி அடுக்கி வைத்திருந்தேன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் தனியாக ஷெட் போட்டு, என் பெயரில் முதன்முதலாக விற்ற மிளகாய் சாஸ் அந்தப் பாட்டில்களில்தான் போனது. இன்றைக்குப் பெரிய பெரிய பாட்டில் வந்துவிட்டது. அந்த டானிக் பாட்டிலில் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பால் கலர் பாவாடையும் இல்லை.

இந்த மலரை அப்பா படிக்க மாட்டார், கண் தெரியவில்லை. ஆனால் உங்களில் பலர் முதுநகரில்தான் இருக்கிறீர்கள். அவரைப் பார்த்தால் என் வியாதியைப் பற்றி விசாரியுங்கள். தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். மலைக்கு இப்போது கால் வரவில்லை, மாலை மட்டும் போடுகிறார். இந்தக் கார்த்திகையிலும் போட்டார். போட்ட கையோடு ஷெட்டுக்குத்தான் வந்தார். பூண்டு வாசனைக்குப் பயந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, ஒவ்வொரு வருஷமும் கேட்பதையே கேட்டார்.

"ஒடம்பு இப்ப எப்படி இருக்கு சாமி?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் சொன்னேன்.

"தேவல சாமி."